ஒரே ஒரு மறுப்பு

சுகாதார அமைச்சர் க்ளென் ஹார்க்னெஸ் எங்கள் ஊருக்கு வந்த அன்று காலையில் நான் சவரம் செய்துகொண்டேன். அவருக்கு மரியாதை காட்ட அல்ல. ரொம்ப நாளாகக் காத்திருந்த நாள், முகமாவது பளிச்சென்று இருக்கட்டும் என்றுதான்.

அவரைத் தலைநகரிலிருந்து வரவழைத்தது டெல்ஃபின் அக்கா. என் பெரியம்மா மகள். வெள்ளைமீன் முனை என்கிற எங்கள் ஊருக்கும், பெரிய ஆற்றின் கரையில் சிதறிக் கிடக்கும் இன்னும் சில சின்ன தெனே பழங்குடி ஊர்களுக்கும் அவள்தான் சட்டசபை உறுப்பினர். நான் இசிடோர். ஊர் டிரக்கை ஓட்டுகிறேன். வெளியாள் யாராவது வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் பேச்சை அவர்களுக்கு மொழிபெயர்க்கிறேன்.

ஆறு உறையத் தொடங்கும் வாரங்களில் எங்கள் ஊருக்கு வழியே கிடையாது. படகு ஓடாது; பனிக்கட்டி தடிக்காததால் ஆற்றின்மேல் வண்டியும் ஓடாது. வானம் மனசு வைத்தால் பிளேன். ஆற்றிலிருந்து ஆவி கிளம்பி மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. நாள்கணக்கில் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் இருந்த ஒரே ஒரு நர்ஸைத்தான் ஹார்க்னெஸ் ஒரு உத்தரவு போட்டு எடுத்துக்கொண்டார். 'தற்காலிகமாக' என்று அதில் போட்டிருந்தது. நர்ஸுக்குப் பதிலாக ஒரு போன் நம்பர் கொடுத்தார்கள்.

அந்த வருடமே ஆறு உறையும்போது டெல்ஃபின் அக்காவின் தம்பி அதனாஸுக்கு வயிற்றுவலி வந்தது. குடல்வால் என்று பிறகு சொன்னார்கள். அவன் மனைவி மெல்வினா அந்த நம்பரைக் கூப்பிட்டாள். ஒன்றை அழுத்து என்றது, மூன்றை அழுத்து என்றது, கடைசியில் ஒரு குரல் வந்து வலி மாத்திரை கொடுக்கச் சொன்னது. பூட்டிக் கிடந்த சுகாதார நிலையத்தின் பூட்டை நான்தான் கடப்பாரையால் உடைத்தேன். மருந்தை எல்லாம் வழித்து எடுத்துப் போயிருந்தார்கள். கட்டில் மட்டும் இருந்தது. அதில் அவனைப் படுக்க வைத்து, மூடுபனி விலகுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விலகியபோது அவன் இல்லை.

அதற்கப்புறம்தான் டெல்ஃபின் அக்கா தேர்தலில் நின்றாள். அதுவரை பள்ளிக்கூடத்தில் சமையல் செய்துகொண்டிருந்தவள். ஒரு சுவரொட்டிகூட அடிக்காமல் ஜெயித்தாள்.

எங்கள் சபையில் கட்சிகள் கிடையாது. பேச ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம்தான். நேரம் முடிந்துவிட்டால், 'மிச்சத்தையும் பேச அனுமதி வேண்டும்' என்று கேட்கலாம். சபாநாயகர், 'யாருக்காவது மறுப்பு உண்டா?' என்பார். ஒருவர் மறுத்தாலும் போச்சு. ஆனால் யாரும் மறுப்பதில்லை. அது ஒரு மரியாதை.

அக்காவின் முதல் பேச்சை ஊரே எங்கள் ஊர்ப் பொதுமன்றத்து டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது. அதனாஸைப் பற்றிப் பேசினாள். அவன் கட்டிலில் கிடந்த இடத்துக்கு வரும்போது நேரம் முடிந்தது. அனுமதி கேட்டாள். சபாநாயகர் வழக்கம்போல, 'மறுப்பு உண்டா?' என்றார்.

"மறுக்கிறேன்."

ஹார்க்னெஸ்தான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அன்று சாயங்காலம் அவருக்கு எங்கோ ஒரு விருந்து இருந்ததாம், தாமதமாகிவிடுமாம். இதைப் பிறகு கேள்விப்பட்டோம்.

எங்கள் ஊரில் செத்தவரைப் பற்றி ஒருவர் பேச எழுந்தால், அவர் தானாக உட்காரும்வரை யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். கேட்க வந்தவர் எழுந்து போகவும் மாட்டார். குழந்தை அழுதால்கூட அந்தக் குழந்தையோடு சேர்ந்து உட்கார்ந்திருப்போம். அன்று டிவியில் அக்கா பாதிப் பேச்சோடு வாயை மூடி உட்கார்ந்ததைப் பார்த்து மெல்வினா முக்காடு போட்டுக்கொண்டாள். நான் நாற்காலியை உதைத்து உடைத்தேன். தலைநகருக்குப் போய் அந்த ஆளின் பல்லை உடைக்கிறேன் என்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

"தம்பி, கோபத்த இப்பவே செலவு பண்ணிடாத" என்றாள். "வெச்சுக்கோ. வேணுங்கிறப்ப நானே கேக்குறேன்."

வைத்துக்கொண்டேன். பத்திரமாகத்தான் வைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் ஹார்க்னெஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். சின்ன ஊர்களின் சுகாதார நிலையங்களை நிரந்தரமாக மூடி, கட்டடங்களை விற்றுவிடுவது. நிறைவேறினால் எங்களுக்கு இனி என்றைக்கும் நர்ஸ் கிடையாது. நிறைவேறாவிட்டால், இந்தச் சபை கலையும்போது, அது நீட்டித்து வைத்திருந்த பழைய தற்காலிக உத்தரவும் காலாவதியாகி நர்ஸ் திரும்பி வந்தாக வேண்டும். சபைக்கு ஒரே ஒரு அமர்வுதான் பாக்கி. பிறகு தேர்தல். ஓட்டு எண்ணிக்கை அவர் பக்கம் இருந்தது. அக்கா ஒவ்வொரு உறுப்பினரிடமும் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். தேநீர் கொடுத்தார்கள், தலையாட்டினார்கள். அவ்வளவுதான்.

அந்தக் கடைசி அமர்வுக்கு முந்தின நாள் அதனாஸின் நினைவு விருந்து. அக்கா சபை வராந்தாவில் ஹார்க்னெஸை மடக்கிக் கூப்பிட்டிருக்கிறாள்.

"அன்னைக்கு நான் பாதியில நிறுத்துனத எங்க ஊர்ல வந்து முழுசாக் கேளுங்க க்ளென். கேட்டுட்டீங்கன்னா அந்தப் பழைய விஷயத்த நான் இனிமே எங்கயும் பேச மாட்டேன்."

அவருக்குத் தேர்தல் கவலை. சின்ன ஊர்களில் அவர் பெயரைச் சொன்னாலே துப்புகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"கடைசி ஆள் பேசி உட்கார்ற வரைக்கும். நடுவுல எழுந்திருக்கக் கூடாது. அது எங்க வழக்கம்."

"பிளேன்?"

"இருட்டுறதுக்குள்ள கிளம்பிடும்."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேன் வந்து இறங்கியது. ஓட்டிவந்தவர் வார்ட், வடக்கில் பல வருடம் பறந்து தலை நரைத்தவர். ஹார்க்னெஸ் புதுத் தோல் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார். மணி வேலைப்பாடு எல்லாம் பலமாக இருந்தது. கடையில் வாங்கியது. என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அழகான ஊர்" என்றார். நான் ஆற்றைப் பார்த்தேன். கரையோரம் பனிக்கட்டி பிடித்திருந்தது. நடு ஆறு கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் லேசாக ஆவி. காற்று செத்துப் போயிருந்தது. எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த எவனுக்கும் இதற்கு அர்த்தம் தெரியும்.

மன்றத்துச் சமையலறையில் அக்கா கடமான் இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஆத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னைக்குப் பேசுறவங்க யாரையும் அவசரப்படுத்தாத தம்பி. எல்லாருக்கும் நெறையச் சொல்ல இருக்கு."

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கையில் ஒரு சின்னக் கல்லை ஒளித்துவைத்து எந்தக் கை என்று கேட்கும் எங்கள் கைவிளையாட்டில் அவளை இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. நான்தான் சிரிப்பை அடக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வைத்திருந்த கோபத்தை அவள் கேட்டுவிட்டாள்.

முதலில் வெளியே, செத்தவன் பங்காக, நெருப்புக்கு உணவு போட்டோம். உலர்ந்த மீன், இறைச்சி, ஒரு துண்டு ரொட்டி. ஹார்க்னெஸும் போட்டார். உள்ளே எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். அவருக்குக் கதவிலிருந்து தள்ளி, அடுப்புக்குப் பக்கத்தில், நல்ல மெத்தை போட்ட நாற்காலி. அவர் பக்கத்தில் நான்.

அக்கா முதலில் எழுந்தாள்.

"அன்னைக்கு சபையில எந்த இடத்துல நிறுத்துனேனோ அங்கேர்ந்து ஆரம்பிக்கிறேன். என் தம்பி கட்டில்ல கெடந்தான். கதவு திறக்குறப்பல்லாம் தலையத் தூக்கிப் பாத்து, 'வந்தாச்சா?'ன்னு கேட்டான். விறகு கொண்டாந்தவனப் பாத்துக் கேட்டான். தண்ணி கொண்டாந்த மெல்வினாவப் பாத்துக் கேட்டான். நான் 'இதோ வந்துட்டே இருக்காங்கடா'ன்னேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவன்கிட்ட நான் கடைசியாப் பேசுனது ஒரு பொய். அந்தப் பொய் என்னோடது இல்ல. அத என் வாயில வெச்சது இந்த நாற்காலியில உக்காந்திருக்கிற மனுஷன்."

நான் ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தேன். ஹார்க்னெஸ் தலையைக் குனிந்துகொண்டார். நன்றாகப் பழகிய குனிவு. குனிந்த இடத்திலிருந்தே கைக்கடிகாரத்தைப் பார்த்ததையும் நான் பார்த்தேன்.

அக்கா உட்கார்ந்தாள். ரோசலி அத்தை எழுந்தாள். அத்தை பேசினால் அதனாஸ் பிறந்த அன்றைக்கு எந்தத் திசையில் காற்று அடித்தது என்பதிலிருந்துதான் தொடங்குவாள். அன்று அதற்கும் முந்தி, அவன் அம்மாவைப் பெண் கேட்டு வந்த கதையிலிருந்து தொடங்கினாள். அவன் முதலில் பிடித்த மீன், முதலில் தவறவிட்ட மான், ஆற்றில் விழுந்த கோடாரி, அதைத் தேடப்போய் விழுந்த இன்னொரு கோடாரி. சனம் சிரித்தது, அழுதது, மறுபடி சிரித்தது. ஹார்க்னெஸும் மரியாதைக்குச் சிரித்தார்.

"இன்னும் எத்தனை பேர்?" என்று என் காதில் கேட்டார்.

"கொஞ்சம் பேர்தான் க்ளென். எல்லாம் சொந்தக்காரங்க."

ஊரே சொந்தக்காரர்கள்தான்.

பேசி முடித்தவர் எழுந்து போகலாம். அதில் தடை இல்லை. அக்கா தேநீர்க் கெட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஜன்னல் வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது மெல்வினா எழுந்தாள். அவள் இத்தனை வருடமும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்றுதான் பேசினாள், ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி. போனில் ஒன்றை அழுத்தச் சொன்னதைச் சொன்னாள். மூன்றை அழுத்தச் சொன்னதைச் சொன்னாள். காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போட்ட பாட்டு எது என்றுகூடச் சொன்னாள்.

அப்போது கதவு திறந்தது. வார்ட். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். என் கண்ணைப் பார்த்து, மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, வானத்தைக் காட்டினார். ஹார்க்னெஸ் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். நான் அவர் தோளைத் தொட்டு ஒரு சொல் சொன்னால் போதும்.

நான் வார்டைப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்தினேன். பேசிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். வார்டுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியும். ஒரு நொடி நின்றார். தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். மூடுபனிக்கு முன்னால் அவருக்கு அமைச்சரும் ஒன்றுதான், மூட்டையும் ஒன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் என்ஜின் சத்தம் கேட்டது. ஹார்க்னெஸ் நிமிர்ந்தார். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டார். வட்டத்தில் இருந்த அத்தனை கண்ணும் அவர்மேல் திரும்பின. மெல்வினா மட்டும் அவரைப் பார்க்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் மெதுவாக உட்கார்ந்தார். என் பக்கம் சாய்ந்து சிரித்தார்.

"என்ஜின சூடு பண்றான். எனக்காகத்தான்."

ஒரு அமைச்சரை விட்டுவிட்டு பிளேன் போகும் என்று அந்த மண்டைக்குத் தோன்றவே இல்லை. சத்தம் உரக்க எழுந்து, ஆற்றைத் தாண்டி, இல்லாமல் போனது. நான் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசி ஆள் உட்கார்ந்ததும் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார். ஓடுதளத்தில் வெள்ளையாக மூடுபனி. பக்கத்தில் நின்ற டிரக்கே தெரியவில்லை.

"பிளேன் எங்க?"

"போயிடுச்சு. இருட்டுறதுக்குள்ள கிளம்பிடும்னு உங்ககிட்ட சொன்னதா அக்கா சொன்னாங்களே."

"நான் இல்லாமயா! என் பை அதுல இருக்கு! நீ ஏன்யா என்னக் கூப்பிடல?"

"மெல்வினா பேசிட்டிருந்தாங்க."

அவர் வாயிலிருந்து வந்த வசவுகளை இங்கே எழுத மாட்டேன். கடைசியில், "இதெல்லாம் டெல்ஃபின் வேலை. இனிமே அவ மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்னு சொல்லு" என்று கத்தினார்.

"சரி, இந்த ஊர்ல முழிக்க வேண்டியிருக்காது" என்றேன். அவருக்கு அது உறைக்கவில்லை.

மன்றத்துப் போனில் தலைநகரோடு பேசினார். பேசிவிட்டு வந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஊரில் விருந்தாளிக்குக் காலியாக இருந்தது சுகாதார நிலையம் ஒன்றுதான். அடுப்பு மூட்டி, அதனாஸ் கிடந்த அதே கட்டிலில் இரண்டு கம்பளி விரித்துக் கொடுத்தேன். எந்தக் கட்டில் என்று அவரிடம் சொல்லவும் செய்தேன். ஏன் சொல்லக் கூடாது?

காலையில் விறகு கொண்டுபோய்க் கதவைத் திறந்தேன். அவர் சட்டென்று தலையைத் தூக்கினார்.

"வந்தாச்சா?"

விறகு என் கையிலிருந்து நழுவியது. மறுபடி பொறுக்கி அடுக்கினேன்.

"இன்னும் இல்ல."

"எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி படபடன்னு இருக்கு. பிரஷர் மாத்திரை அந்தப் பையில இருக்கு. பிரஷர் பாக்க இங்க யாராவது இருக்காங்களா?"

"இருந்தாங்க. இப்ப ஒரு நம்பர் இருக்கு" என்று கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினேன். அவருடைய துறை அனுப்பியது. மேலே அவருடைய சிரித்த முகமும் போட்டிருந்தது. போனை எடுத்து அழுத்தினார். ஒன்றை அழுத்தினார். மூன்றை அழுத்தினார். பாட்டு எனக்கே கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வயிறு நிறைந்தது.

ரோசலி அத்தை சூப் கொடுத்தனுப்பினாள். அதைக் குடித்ததும் அவருக்குப் படபடப்பு அடங்கிவிட்டது. சாகிற ஆள் இல்லை. அப்படி எதுவும் எங்களுக்கு வேண்டியிருக்கவும் இல்லை.

சபை கூடும் நேரத்துக்கு மன்றத்து டிவியைப் போட்டோம். அவரையும் அதே மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தோம். உற்சாகமாகத்தான் இருந்தார்.

"நீங்க என்ன இங்க கட்டிப்போட்டா மசோதா நின்னுடும்னு நெனச்சீங்களாக்கும்? என் பேர்ல இருந்தா என்ன, நிதியமைச்சர் எனக்குப் பதிலாக் கொண்டுவருவார். பேசியாச்சு."

"அதுக்கு எல்லாரும் சம்மதிக்கணுமாமே?" என்றேன்.

"சும்மா ஒரு சம்பிரதாயம். யாரும் மறுக்க மாட்டாங்க. உங்க டெல்ஃபின்தான் இங்க இருக்காளே."

ரோசலி அத்தை அவருக்குத் தேநீர் ஊற்றினாள். அவர் வட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடமான் வெட்டிய கையைத் தேடினார், கெட்டிலோடு போனவளைத் தேடினார்.

"அவ எங்க?"

"நேத்தே போயிட்டாங்க" என்றேன். "உங்க பிளேன்ல. உங்க பைக்குப் பக்கத்துல."

போனை நோக்கி எழுந்தார். அதற்குள் டிவியில் சபாநாயகர் மசோதாவின் பெயரைப் படித்தார். ஹார்க்னெஸின் பெயரைப் படித்தார். காலி நாற்காலியைக் காட்டினார்கள். நிதியமைச்சர் எழுந்து, சக அமைச்சர் வானிலையால் வர இயலவில்லை, அவருக்குப் பதிலாகத் தான் முன்மொழிய சபையின் அனுமதி வேண்டும் என்றார். சபாநாயகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பாதி எழுந்தபடியே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"யாருக்காவது மறுப்பு உண்டா?"

அக்கா நேற்றுச் சமைத்த அதே பூப்போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மறுக்கிறேன்."

சபையில் சத்தம் எழுந்தது. சபாநாயகர் மசோதாவை மடித்து ஓரமாக வைத்தார். அடுத்த அமர்வு என்று ஒன்று இல்லை. மெல்வினா எழுந்து போய் டிவியை அணைத்தாள். மிச்சம் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஹார்க்னெஸ் போனுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தைக்காகவா? நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் ஏதோ அவசரத்துல சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்காகவா இத்தனையும்?"

"அவங்களும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க க்ளென்" என்றேன். "உக்காருங்க. தேநீர் ஆறுது."

உட்கார்ந்தார். வேறு எங்கே போவார்? ஜன்னலுக்கு வெளியே ஆறும் தெரியவில்லை, ஓடுதளமும் தெரியவில்லை. யாரோ விறகோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள். அவர் சட்டென்று தலையைத் திருப்பினார்.

"வந்தாச்சா?"

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. மெல்வினா அவர் குவளையை வாங்கி, ஆறிப்போனதைக் கொட்டிவிட்டு, சூடாக ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

"இதோ," என்றாள், "வந்துட்டே இருக்காங்க."